எலி எலியாகவே இருக்கட்டும்

அன்புள்ள தம்பி,

உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். சிறுவர்களுக்கு எழுதும் இன்னும் நாலு பேருக்கும் இதே சிக்கல் என்பதால் பொதுவில் வைக்கிறேன்.

உன் நாவலை இரண்டு தடவை படித்தேன். கதை நன்றாக ஓடுகிறது. அந்த மளிகைக்கடைக்காரரிடம்தான் எனக்கு வழக்கு. 10ஆம் அத்தியாயம்வரை தராசுத் தட்டை விரலால் அழுத்தியவர், 11இல் ஒரு சிறுமி நாலு வரி பேசியதும் கண்கலங்கித் தெருவுக்கே மிட்டாய் கொடுக்கிறார். எந்த ஊரில் நடக்கும், சொல்?

1952இல் ஈ. பி. ஒயிட் எழுதிய ‘சார்லட்ஸ் வெப்’ என்ற ஆங்கிலச் சிறுவர் நாவலில் டெம்பிள்டன் என்று ஓர் எலி. தீனியைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. ஒரு பன்றிக்குட்டியின் தோழியான சிலந்தி தன் முட்டைப் பையைச் சந்தைக் கொட்டகையின் மேல்மூலையில் ஒட்டிவிட்டுச் சாகக் கிடக்கிறது. ஏறி எடுக்க எலியை விட்டால் ஆளில்லை. பன்றிக்குட்டி கெஞ்சுகிறது, எலி தன் மனக்குறைகளை அடுக்குகிறது. இனி தொட்டியில் தீனி விழுந்தால் நீ தின்று முடித்த பிறகே நான் வாய்வைப்பேன் என்று பன்றிக்குட்டி வாக்குக் கொடுத்த பிறகுதான் ஏறுகிறது. 514 முட்டைகள் பிழைத்தது இந்தப் பேரத்தால். அப்புறமாவது திருந்துகிறதா? தின்று தின்று ஊதிப்போகிறது. குறைத்துத் தின்றால் நெடுநாள் இருக்கலாமே என்று கிழ ஆடு சொன்னால், யாருக்கு வேண்டும் அதெல்லாம் என்கிறது.

இதை என் மகளுக்குத் தமிழில் வாய்க்கதையாகச் சொன்னேன். எட்டு வயது. “எலி நல்லவனா கெட்டவனாப்பா?” என்றாள். “நீயே சொல்லேன்” என்று விளக்கை அணைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து இருட்டிலிருந்து குரல்: “பையை எடுத்துட்டுப் பாதி வழியிலயே தின்னுடுவானோன்னு பயமா இருந்துச்சுப்பா.” உன் கடைக்காரரைப் பற்றி எந்தப் பிள்ளையும் இப்படிப் பயப்படாது.

நம் பாட்டி சுட்ட வடையைக் கவ்விய நரி திரும்பிவந்து மன்னிப்புக் கேட்டதா என்ன? (வடையைக் காலடியில் இடுக்கிக்கொண்டு காக்கா பாடும் புதுக் கதையிலும் காக்காதான் உஷாராகிறது. நரி நரிதான்.)

6ஆம் அத்தியாயத்தில் ஒரு வரி எழுதிவிட்டு மறந்துவிட்டாய். எவனோ ஏமாற்றித் தள்ளிவிட்ட செல்லாத காசை அவர் கல்லாவிலேயே வைத்திருக்கிறார். ராத்திரி கணக்குப் பார்க்கையில் அதையும் சேர்த்தே எண்ணுகிறார். ஆள் அங்கே இருக்கிறார், தம்பி. அவரை 11க்குக் கூட்டிவா. மிட்டாய் கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் யாருக்கு எத்தனை என்று நோட்டில் எழுதிக்கொண்டு கொடுக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்