மன்னிப்புக் கடிதத்தின் மறுபக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போர்க்கொடுமைகளை மன்னிப்பது பற்றிப் பேசும் கிறிஸ்தவர்கள், போலந்து ஆயர்கள் 1965 நவம்பர் 18 அன்று ஜெர்மன் ஆயர்களுக்கு எழுதிய மடலை முழுமையாகப் படிக்க வேண்டும். மன்னிக்கிறோம், மன்னிப்பும் கேட்கிறோம் என்ற வரியை மட்டும் எடுத்துக்காட்டுவோர், நாஜிப் படைகளின் கொலைகளும் வதைமுகாம்களும் அதற்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருப்பதையும், போருக்குப் பின் துரத்தப்பட்ட ஜெர்மானியரின் துயரம் அதே மடலில் ஏற்கப்பட்டிருப்பதையும் ஏனோ விட்டுவிடுகிறார்கள். கையெழுத்திட்டவர்களுள் ஒருவர் கரோல் வொய்த்திவா, அதாவது பின்னாளைய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். கம்யூனிஸ்ட் அரசு நடத்திய எதிர்ப்பிரசாரத்தில் அவரும் வசைக்குத் தப்பவில்லை. டிசம்பரில் வந்த ஜெர்மன் ஆயர்களின் பதில் மரியாதையானதே. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே வகுக்கப்பட்ட ஓடர்-நைஸ எல்லையை ஏற்கிறோம் என்று அவர்கள் தெளிவாகச் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்களிடம் மட்டுமே மன்னிப்பைப் போதிக்கும் நம் போதகர்கள், அந்தப் பதிலையும் சேர்த்தே வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்