கிணற்றுக்குள் சூரியன்

அன்பின் தவம்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. பதில் பிந்தியதற்கு வெக்கைதான் காரணம். சரி, சோம்பலும் கொஞ்சம்.

வருடப்பிறப்புக்கு அடுத்த நாள் மத்தியானம் 12.10 மணிக்குக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். சூரியன் நேரே தண்ணீரில் கிடந்தது. கட்டின் நிழல் ஒரு பக்கமும் விழவில்லை. வாளியை இறக்கிச் சூரியனை அள்ளப் போய் உன் அப்பாவிடம் இருவரும் அடி வாங்கியது ஞாபகம் வந்தது. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. கட்டைப் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டேன்.

மனிசி உப்புப் போட்ட மோரோடு ஓடிவந்து, “வெய்யில் பட்டிட்டுது” என்றாள். ஆனால் மறுநாள் காலையில் கட்டிலால் எழும்பும்போதும் அதே சுற்று. வேறு வழியில்லை, டொக்டரிடம் போனேன். 37ஆம் நம்பர். காற்றாடி ஓடாத அறையில் வியர்க்குரு, சலக்கடுப்பு, கண்நோய் என்று ஊரே இருந்தது. இரண்டு மணித்தியாலம் அங்கே இருந்தால் சுகமானவனுக்கும் வருத்தம் வரும்.

டொக்டர் ஒரு சின்னப் பொம்பிளைப் பிள்ளை. படுக்க வைத்துப் பிறசர் பார்த்தா, 130. எழுப்பி நிற்க வைத்துப் பார்த்தா, 100. “ஐயா, சலம் என்ன நிறத்தில போகுது?” என்று கேட்டா. வெட்கத்தோடு, “பிளேன்ரீ மாதிரி” என்றேன். குளிசைகளை வாங்கிப் பார்த்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தா. பிறசருக்கான அந்தக் குளிசை உடம்பிலுள்ள நீரையும் உப்பையும் சலத்தோடு வெளியேற்றுகிறதாம். வியர்வையிலும் அதே இரண்டும்தான் போகின்றன. போதாக்குறைக்கு, இரவில் எழும்பும் கரைச்சலுக்காக நான் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு தண்ணீரே தொடுவதில்லை. அதைச் சொன்னதும் ஒரு பார்வை பார்த்தா, எங்கள் கணக்கு வாத்தியார் தோற்றுப்போவார்.

அந்தக் குளிசையைப் பாதியாக்கி, ஒரு கிழமையால் வரச் சொன்னா. “நீங்களா நிப்பாட்டிப் போடாதேங்கோ” என்று இரண்டு தரம் சொன்னா. ஜீவனி உப்புத்தூளைக் கரைத்துக் குடிக்கட்டுமா என்று கேட்டேன். அது வயிற்றோட்டக்காரருக்கு, சர்பத் மாதிரிக் குடிக்கிறதில்லை, பிறசர்க்காரருக்கு அந்த உப்பும் கூடாது என்றா. மனிசியின் மோரிலும் இப்போது உப்பில்லை. வாயில் வைக்க முடியவில்லை.

பேத்திக்குக் கொப்பளிப்பான் போட்டு, கொப்புளம் எல்லாம் காய்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் இல்லாத சந்தோசம் அவளுக்கு.

நீயும் பிறசர்க் குளிசை போடுகிறவன். நல்லூர்த் திருவிழாவுக்கு வர முன்னம் அங்கே உன் டொக்டரிடம், இங்கத்தைய வெக்கையைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வா. மருந்துத் துண்டையும் கொண்டுவா. ஆவணியில் சூரியன் இன்னொரு தரம் எங்கள் தலைக்கு நேரே வரும். அதுவரை நின்றாயானால் இரண்டு பேருமாக எட்டிப் பார்க்கலாம். வாளியை ஒளித்து வைக்கச் சொல்லி மனிசியிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
குலம்