வழிவிட்டவர்களுக்கு எங்கள் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். தண்டவாளங்கள் அகற்றப்பட்டுப் பல காலம் புதர் மண்டிக் கிடந்த பழைய இருப்புப்பாதையின் வழியே, நம் ஊரையும் அதையடுத்த சிற்றூர்களையும் இணைக்கும் மிதிவண்டித் தடம் ஒன்றை அமைக்க வேண்டும் என்ற நம் கோரிக்கையை உள்ளாட்சி மன்றம் ஏற்றுக்கொண்டு, முதற்கட்டப் பணிக்கு நிதியும் ஒதுக்கியிருக்கிறது. இந்தச் செய்தி உங்களை ஏற்கெனவே எட்டியிருக்கும். ஆனால் வெளிவந்த செய்திகளில் எங்கள் குழுவின் பெயர் மட்டுமே இடம்பெற்றது. இந்த முயற்சியில் குழுவினர் செய்த வேலையைவிடக் குழுவுக்கு வெளியே இருந்தவர்கள் செய்த வேலையே பெரிது என்பதால், அவர்களுக்குரிய நன்றியை எல்லோரும் அறியச் சொல்ல வேண்டிய கடமை குழுவின் செயலாளர் என்ற முறையில் எனக்கு இருக்கிறது.

முதல் நன்றி, பாதையின் இருபுறமும் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு. இருப்புப்பாதை மூடப்பட்ட பிறகு அதன் சில பகுதிகள் பக்கத்து நிலத்தவர்களுக்கே விற்கப்பட்டுவிட்டன என்பதை அறிந்திருந்தும், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் முதல் வரைபடத்தை வெளியிட்டோம். அது தவறு. தங்கள் வயலின் நடுவே யாரோ கோடு போட்டிருப்பதை ஒரு துண்டறிக்கையில் பார்த்துத் தெரிந்துகொள்ள நேர்ந்தவர்களின் கோபம் முழுக்க நியாயமானது. அதற்கான மன்னிப்பை நேரில் கேட்டிருக்கிறோம். இங்கே மீண்டும் ஒரு முறை கேட்டுக்கொள்கிறோம்.

அவர்கள் முன்வைத்த கேள்விகளை நாங்கள் தொடக்கத்தில் எதிர்ப்பு என்று மட்டுமே புரிந்துகொண்டோம். மாடுகள் மேய்ச்சலுக்குப் போகும்போது தடத்தை எங்கே கடப்பது? பயிருக்கு மருந்து தெளிக்கும் நாளில் வழியை யார் அடைப்பது? வருபவர்களில் யாராவது விழுந்து அடிபட்டால் நிலத்துக்காரர் பொறுப்பேற்க வேண்டுமா? கொல்லைப்புறம் வழியே நாள் முழுவதும் அயலார் போய்வந்தால் வீட்டுப் பெண்கள் எப்படி இயல்பாக நடமாடுவார்கள்? இப்போது திரும்பிப் பார்த்தால், இன்றைய வடிவமைப்பில் உள்ள நல்ல அம்சங்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விகளிலிருந்துதான் பிறந்தன. கால்நடைகள் கடக்கும் இடங்களில் இருபுறமும் தாமாகவே மூடிக்கொள்ளும் கதவுகள், வீடுகளை ஒட்டிய பகுதிகளில் உயிர்வேலி, வேளாண் வேலை நடக்கும் நாட்களுக்கென்று ஒரு மாற்றுவழி, விபத்துப் பொறுப்பை உள்ளாட்சியின் காப்பீடே ஏற்கும் என்ற எழுத்துப்பூர்வமான உறுதி ஆகிய எதுவும் எங்கள் முதல் வரைவில் இருக்கவில்லை.

நிலத்தின் உரிமையை யாரும் விட்டுத்தர வேண்டியதில்லை என்பது தெளிவான பிறகே பேச்சு முன்னே நகர்ந்தது. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், 1937 இல் மூடப்பட்ட இருப்புப்பாதையின் மீது வெஸ்ட்போர்ட் முதல் அக்கில் வரை 42 கி.மீ. நீளத்துக்கு அமைந்துள்ள கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே தடம், நில உரிமையாளர்கள் மனமுவந்து அளித்த அனுமதியின் பேரில்தான் அவர்களுடைய நிலங்களைக் கடந்து செல்கிறது. உரிமை அவர்களிடமே இருக்கிறது. வழி மட்டும் பொதுவுக்குத் திறந்திருக்கிறது. அந்த ஏற்பாட்டைப் பற்றி நாங்கள் எடுத்துச் சொன்னபோது, அதையே இங்கும் முன்மாதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னவர், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எங்களை மிகக் கடுமையாக எதிர்த்துப் பேசிய பெரியவர் என்பதை நான் நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

அந்தப் பெரியவர் அதோடு நிற்கவில்லை. ஒரு விடியற்காலையில் எங்களோடு பழைய பாதை முழுவதையும் நடந்தே வந்தார். எந்த மழைக்கு எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், எந்தச் சரிவில் மண் சரியும், முன்பு இருந்த சிறுபாலங்களில் எவையெவை மண்ணுக்குள் புதைந்துவிட்டன என்பதையெல்லாம் கைத்தடியால் காட்டிக்கொண்டே வந்தார். எங்களிடம் இருந்த நில அளவைப் படத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

அடுத்து, ஊதியம் எதுவும் பெறாமல் தொழில்நுட்ப அறிக்கையைத் தயாரித்துத் தந்த ஓய்வுபெற்ற பொறியாளருக்கு நன்றி சொல்ல வேண்டும். பழைய இருப்புப்பாதைகள் மிதிவண்டிக்கு ஏன் இவ்வளவு பொருந்துகின்றன என்பதை அவர் விளக்கிய விதம்தான் மன்ற உறுப்பினர்கள் பலரின் மனத்தை மாற்றியது. சுமை ஏற்றிய தொடர்வண்டி செங்குத்தான ஏற்றத்தில் ஏற முடியாது என்பதால், அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் பாதையின் சரிவைப் பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் போகாமல் வைத்திருந்தார்கள். என்ஜினுக்காகச் செய்த அந்த வேலை, இன்று அறுபது வயதுக்காரரும் எட்டு வயதுக் குழந்தையும் மூச்சிரைக்காமல் மிதித்துப் போகக்கூடிய வழியை நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது.

ஜல்லியை அகற்றிவிட்டுக் கல்தூளை இறுக்கிப் பரப்பினால் போதும், எல்லா இடத்திலும் தார் தேவையில்லை என்பதும், எதிரெதிரே வருபவர்களும் நடப்பவர்களும் ஒருவருக்கொருவர் இடையூறாக இல்லாமலிருக்க ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலம் வேண்டும் என்பதும் அவருடைய பரிந்துரைகள். இவற்றையெல்லாம்விட அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது வடிகாலைத்தான். தடத்தைக் கெடுப்பது அதன்மேல் ஓடும் சக்கரங்களைக் காட்டிலும் அதன்மேல் நிற்கும் தண்ணீர்தான் என்று அவர் சொன்னபோது, பெரியவர் கைத்தடியால் காட்டிய இடங்கள் அத்தனையும் எங்கள் நினைவுக்கு வந்தன. இருவரையும் சேர்த்து உட்கார வைத்தோம். இறுதி வரைபடம் அந்த இரண்டு பேரும் சேர்ந்து வரைந்தது என்றே சொல்லலாம்.

சாலைச் சந்திப்புகளில் காலை முதல் மாலை வரை வெயிலில் நின்று, கடந்துபோன மிதிவண்டிகளையும் நடந்து சென்றவர்களையும் வாகனங்களையும் எண்ணிக் குறித்துத் தந்த மாணவர்களுக்கும் அவர்களை ஒழுங்குபடுத்திய ஆசிரியர்களுக்கும் நன்றி. கோரிக்கை மனுக்களுக்கு மதிப்பு உண்டு. ஆனால் மன்றத்தில் எங்களிடம் அதிகமாகக் கேட்கப்பட்டது அந்த எண்ணிக்கைத் தாள்களைப் பற்றித்தான். தடம் திறந்த பிறகு அதே இடங்களில், அதே முறையில் மறுபடியும் எண்ணினால் மட்டுமே அதனால் விளைந்த மாற்றத்தை நேர்மையாகச் சொல்ல முடியும் என்பதால், அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறோம்.

வணிகம் செய்யும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி சற்று வேறு வகையானது. சுற்றுலா வளரும் என்று நாங்கள் சொன்னபோது, வருபவர்கள் நின்று பார்க்காமல் கடந்து போய்விட்டால் நமக்கு என்ன பயன் என்று அவர்கள் கேட்டார்கள். சரியான கேள்வி. காரில் வருபவர் ஒரே மூச்சில் நூறு கிலோமீட்டரைத் தாண்டிப் போய்விடுவார். மிதிவண்டியில் வருபவருக்குச் சில மணி நேரத்திற்கு ஒரு முறை உணவும் நிழலும் தண்ணீரும் வேண்டும். மாலையில் படுக்க ஓர் இடம் வேண்டும். வண்டி பழுதானால் சரிசெய்ய ஒரு கை வேண்டும். சுமை குறைவாக எடுத்து வருவதால் தேவையானதை வழியிலேயே வாங்குவார். பெரிய நகரங்களிடம் தோற்றுப்போகும் சிற்றூர்களுக்கு இந்த மெதுவான பயணம்தான் வாய்ப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆயினும், தடம் ஊருக்குப் பின்னால் ஒதுங்கிச் சென்றால் அந்த வாய்ப்பு ஊருக்குள் தானாக வந்துவிடாது.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கையும் கம்பர்லாந்தையும் இணைக்கும் ஏறத்தாழ 240 கி.மீ. நீளமுள்ள கிரேட் அலெகெனி பாசேஜ் தடத்தில் இந்தச் சிக்கலை உணர்ந்து, தடத்தில் செல்பவர்களை ஊரின் மையத்துக்கு அழைத்துவரும் வழிகாட்டுதலுக்கும் சிறு தொழில் முனைவோருக்கான உதவிக்கும் என்றே 2007 முதல் தனித் திட்டம் ஒன்றை நடத்திவந்தார்கள். நம் வணிகக் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில்தான் பழைய நிலையத்திலிருந்து கடைவீதிக்கு வரும் இணைப்புவழி, தனிக் கோரிக்கையாக இல்லாமல் முதற்கட்டப் பணியிலேயே சேர்க்கப்பட்டது. தங்கள் வீட்டில் காலியாக இருக்கும் அறைகளைப் பயணிகளுக்குத் தர முன்வந்து எழுத்தில் உறுதியளித்தவர்களுக்கும், நிறுத்துமிடத்துக்காகக் கடை முகப்பில் இடம் விட்டவர்களுக்கும் நன்றி.

மனம் தளர்ந்த நாட்களில் எங்களுக்குத் துணையாக இருந்தது வேறிடங்களின் வரலாறு. மேலே சொன்ன அலெகெனி தடத்தின் முதல் பகுதி திறந்தது 1986 இல். கடைசி இணைப்பு முடிந்தது 2013 இல். நியூசிலாந்தின் ஒட்டாகோவில் 1990 இல் தொடர்வண்டி நின்றுபோன பாதை, 152 கி.மீ. நீளமுள்ள மிதிவண்டித் தடமாக 2000 இல் திறக்கப்படுவதற்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன. இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கும் பாத்துக்கும் இடையிலான தடத்தைத் தன்னார்வலர்கள் 1979 இல் கையில் மண்வெட்டியோடு தொடங்கினார்கள். அது முழுமை பெற்றது 1986 இல்தான். இந்த ஆண்டுக்கணக்குகளைக் கூட்டம் தவறாமல் எங்களுக்கு நினைவூட்டி, கோப்பு திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் அதை மறுபடி எழுதிய எங்கள் சக உறுப்பினர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

கோப்பு ஏன் திரும்பி வருகிறது என்பதையும், எந்தத் துறையின் தடையின்மைச் சான்று எதற்கு முன் வேண்டும் என்பதையும் பொறுமையாகச் சொல்லித்தந்த அலுவலகப் பணியாளர்களை மறந்துவிட முடியாது. தம் பெயர் வெளியே வர வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அதை மதிக்கிறேன். கட்சி வேறுபாடு பாராமல் தீர்மானத்தை ஆதரித்த உறுப்பினர்களுக்கும், எதிர்த்து வாக்களித்துவிட்டுப் பராமரிப்புச் செலவுக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தவர்களுக்கும் ஒரே அளவில் நன்றி. அந்தத் திருத்தம் இல்லாமல் போயிருந்தால், நாலைந்து மழைக்காலங்களுக்குப் பிறகு தடம் மறுபடியும் புதராகியிருக்கும்.

இரண்டு குடும்பங்கள் இன்னும் சம்மதிக்கவில்லை. அவர்களுடைய முடிவு அவர்களுடைய உரிமை. தடம் அந்த நிலங்களைத் தொடாமல் ஊர்ச்சாலை வழியே சுற்றிச் செல்லும்படி மாற்றப்பட்டிருக்கிறது. அவர்களை யாரும் தடைக்கல் என்று பேச வேண்டாம் என்று நம் ஆதரவாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் பேசப் போனபோதெல்லாம் அவர்கள் எங்களை வாசலில் நிறுத்தாமல் உள்ளே அழைத்து உட்கார வைத்தார்கள்.

சென்ற வாரம் புதர் அகற்றும் பணி தொடங்கியது. பெரியவர் கைத்தடியால் காட்டிய இடங்களில் ஒன்றில் மண்ணைத் தோண்டியபோது, பழைய சிறுபாலத்தின் கல் வளைவு ஒரு விரிசலும் இல்லாமல் வெளிப்பட்டது. அவர் கரையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பெய்த மழையில் தண்ணீர் அதன் வழியே ஓடியது.

நன்றியுடன்,
செயலாளர்,
மிதிவண்டித் தடக் கோரிக்கைக் குழு