மேகப் படத்துக்கு ‘அதிசயம்’ என்ற தலைப்பு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அருகே வில்லை வடிவில் ஒன்றன்மேல் ஒன்றாக நின்ற மேகங்களின் வண்ணப்படம் வெளியாகியிருந்தது. ‘வானில் அதிசயம், பொதுமக்கள் வியப்பு’ என்ற தலைப்பும், பறக்கும் தட்டு வந்துவிட்டதோ என்று சிலர் பேசிக்கொண்டதாக ஒரு வரியும் அதனுடன் இருந்தன. எந்த ஊரிலிருந்து, எந்தத் திசையில், எத்தனை மணிக்கு எடுத்த படம் என்ற விவரம் இல்லை. அன்று காற்று எப்படி வீசியது, பிறகு மழை வந்ததா என்பதும் இல்லை. படம் அருமையானது, எடுத்தவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் வானத்தை நம்பி வெள்ளாமை செய்கிற தென்காசி மாவட்டத்து வாசகருக்கு அந்தச் செய்தியால் பயன் ஏதும் கிடைக்கவில்லை என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தென்மேற்குப் பருவக்காற்று வலுத்திருக்கும் ஆனி, ஆடி மாதங்களில், மேகமூட்டம் சற்று விலகிய நாளில், மலைக்குக் கிழக்கே குடியிருப்பவர்களுக்குக் காணக் கிடைக்கக்கூடிய மேகம்தான் அது. அந்தப் பருவத்தில் காற்று தரையில் வீசுவதைவிட ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் மிக வேகமாக வீசுகிறது. நம் மலைமுகடுகளும் கிட்டத்தட்ட அதே உயரத்தில் நிற்கின்றன. அகத்தியமலையின் உயரம் 1,868 மீட்டர். முகட்டில் ஏறி மறுபுறம் இறங்கும் காற்று உடனே சமநிலைக்கு வந்துவிடுவதில்லை. தாமிரபரணியில் நீருக்கடியில் கிடக்கும் பாறையைத் தாண்டிய தண்ணீர் சிறிது தூரம் வரை ஏறி இறங்கி ஓடுவதைப் போல, சமவெளிக்கு மேலும் அது அலை அலையாக ஏறி இறங்குகிறது. ஏறும் இடத்தில் காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் மேகமாகத் திரள்கிறது; இறங்கும் இடத்தில் சூடேறி, திரண்ட மேகம் கரைந்துபோகிறது. மேகம் நகராமல் நிற்பதாக நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், காற்று அதற்குள் புகுந்து வெளியேறிக்கொண்டிருக்க, ஒரு முனையில் புதிதாக உருவாகிக்கொண்டும் மறுமுனையில் மறைந்துகொண்டும் அது இருப்பதுதான். ஈரமான காற்று அடுக்குகளாக இருந்தால் மேகமும் அடுக்குகளாக நிற்கும். இந்த மேகம் தானாக மழை தராது. மலைக்கு மேலே காற்று வலுவாகவும் சீராகவும் வீசுகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. விமானம் ஓட்டுபவர்கள் இத்தகைய மேகத்தைக் கண்டால் எச்சரிக்கையாவார்கள். இவ்வளவையும் நான்கே வரிகளில் படத்தின் கீழே எழுதியிருக்க முடியும்.

மலைக்கு மேலே அப்படி வீசும் அதே காற்றுதான் இம்மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு விதமான பருவங்களை உண்டாக்குகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று செங்கோட்டையிலும் குற்றாலத்திலும் நாள் முழுவதும் சாரலாகத் தூவிக்கொண்டிருக்கும் நேரத்தில், சுமார் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சங்கரன்கோவில் பக்கம் புழுதிக்காற்று கண்ணைத் திறக்கவிடாது. மலையேறும்போதே ஈரத்தை மழையாகக் கொட்டிவிட்ட காற்று, மேகம் கரைந்த பிறகு கீழே இறங்குகையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் சூடேறி, வறண்ட காற்றாகச் சமவெளியை வந்தடைகிறது. அதனால்தான் 36 அடி கொள்ளளவுள்ள குண்டாறு அணை நிரம்பி வழிகிற வாரத்திலும், கிழக்கே மானாவாரி நிலத்தில் ஏர் பூட்டுவதற்கு ஈரம் இருப்பதில்லை. ‘தென்காசி மாவட்டத்தில் மழை’ என்று தலைப்பிடும்போது, இந்த இரண்டில் எந்தத் தென்காசி என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முன்னறிவிப்பை வெளியிடும் முறையிலும் இதே குறை இருக்கிறது. ‘மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்’ என்ற வாக்கியத்தை நாங்கள் மனப்பாடமாகவே சொல்வோம். எந்த நாளுக்கும் பொருந்தும் வாக்கியம் என்று டீக்கடையில் கேலி செய்பவர்களும் உண்டு. ஆனால் வானிலை ஆய்வுத் துறை அந்தச் சொற்களை அளந்துதான் பயன்படுத்துகிறது. ‘ஓரிரு இடங்கள்’ என்றால் அப்பகுதியிலுள்ள மழை அளவீட்டு நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாதவை. ‘சில இடங்கள்’ என்றால் கால் பங்கிலிருந்து பாதி வரை. அதற்கு மேல் முக்கால் பங்கு வரை ‘பல இடங்கள்’. அதையும் தாண்டினால் ‘பெரும்பாலான இடங்கள்’. கனமழை என்பதற்கும் அளவு உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை கனமழை, 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. இந்த அளவுகோல் தெரியாத வாசகர், ஓரிரு இடங்களில் மழை என்ற அறிவிப்பைப் படித்துவிட்டுத் தம் ஊரில் பெய்யாததற்காக வானிலை மையத்தைத் திட்டுகிறார். நான்கில் மூன்று பங்கு இடங்களாவது நனையாமல் இருக்கும் என்பதும் அதே அறிவிப்பில் அடங்கியிருப்பதை நாளிதழ்தான் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

மழை நாள் என்பது நள்ளிரவில் தொடங்குவதில்லை, காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது என்பதையும் ஒருமுறை விளக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் பெய்த மழை திங்கட்கிழமைக் கணக்கில் வருவதைக் கண்டு, அளவெடுத்ததிலேயே தவறு என்று எங்கள் பகுதியில் வாதிட்டவர்கள் இருக்கிறார்கள்.

கோடை மழைக் காலத்துக்கு வருகிறேன். இழப்பு அதிகம் நேர்வது அப்போதுதான். பங்குனி, சித்திரையில் பிசானப் பருவத்து நெல்லை அறுத்துக் களத்தில் கொட்டிவைத்திருப்போம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வழக்கமாக வாங்க மாட்டார்கள் என்பதால், நெல்லைப் பரப்பிக் காயவைத்து, காலால் துழாவித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பகல் முழுவதும் வெயில் கொளுத்தும். கடலிலிருந்து உள்ளே வரும் காற்றும் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றும் பிற்பகலில் சந்திக்கும் இடத்தில் மேகம் கோபுரமாக எழும்பும். சில நாட்களில் அதன் முன்விளிம்பில், தரைக்குச் சற்று மேலே, அடிவானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கருநீல வளைவு ஒன்று உருண்டு வரும். சமூக ஊடகங்களில் ‘சுனாமி மேகம்’ என்று பெயரிட்டுப் பரப்பப்படுவது இதுதான். இடிமேகத்துக்குள் மழையோடு சேர்ந்து கீழே விழும் குளிர்ந்த காற்று தரையில் மோதி முன்னோக்கிப் பாயும்போது, எதிரே இருக்கும் வெப்பமான ஈரக்காற்றை நெம்பி மேலே தள்ளுகிறது. அப்படித் தள்ளப்பட்ட காற்றில் உருவாகும் விளிம்பே அந்த வளைவு. அது தலைக்கு மேல் வரும்போது முதலில் குளிர்ந்த காற்று வேகமாக அடிக்கும். சில நிமிடங்களில் மழை கொட்டும். நெல்லைக் குவித்துத் தார்ப்பாயை இழுத்து மூடி, நான்கு மூலையிலும் கல் வைப்பதற்கு எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அந்த வளைவு தூரத்தில் தெரிவதிலிருந்து காற்று வந்து சேர்வது வரைதான். மின்னல் பாதுகாப்பையும் அதற்குள்ளேயே பார்த்துக்கொள்ள வேண்டும்; களத்தில் திறந்த வெளியில் நிற்பதும் ஒற்றைப் பனைமரத்தடியில் ஒதுங்குவதும் உயிருக்கு ஆபத்தானவை. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் மின்னல் எச்சரிக்கைக்காகவே ‘தாமினி’ என்ற செயலியை உருவாக்கியிருக்கிறது. அந்தப் பெயரைக்கூட எங்கள் பகுதியில் பலர் கேள்விப்பட்டதில்லை.

இடிமேகத்தின் அடிப்பகுதியில் பைகள் தொங்குவதைப் போல் தெரியும் மேகத்தைப் பற்றியும் ஆண்டுதோறும் வதந்தி கிளம்புகிறது. புயல் வரப்போகிறது, பூகம்பம் வரப்போகிறது என்றெல்லாம் குரல் பதிவுகள் சுற்றுகின்றன. பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் அந்தப் பைகளால் தீங்கு ஏதும் இல்லை. பக்கத்தில் வலுவான இடிமேகம் ஒன்று இருக்கிறது, அல்லது கடந்துபோய்விட்டது என்பதற்கு மேல் அவற்றுக்குப் பொருள் கிடையாது. பூகம்பத்துக்கும் மேகத்துக்கும் முடிச்சுப் போடுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வதந்தி ஒருபுறம் இருக்க, ‘மேகவெடிப்பு’ என்ற சொல்லை நாளிதழ்களே கொஞ்சம் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. சுமார் 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டினால்தான் அதற்கு அந்தப் பெயர். பெயரைக் கொண்டு மழையை எடைபோடவும் முடியாது. 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் மழையைவிட அதிகமாக ஒரே நாளில் காயல்பட்டினத்தில் கொட்டிய அந்த மழைக்குக் காரணம் குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சி. அதற்குப் புயல் என்ற பெயரும் இல்லை, பெயர் சூட்டும் சடங்கும் இல்லை. பெயர் வைத்த புயலுக்குத்தான் பயப்பட வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை அந்த மழை எங்களுக்குக் காட்டியது.

மலையில் பெய்வது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாமல் போவதன் விலையையும் நாம் கொடுத்திருக்கிறோம். 2024 மே 17 அன்று மலைப்பகுதியில் பெய்த கோடை மழையால் பழைய குற்றாலம் அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து, குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓட, ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அருவிக்கரையில் நிற்பவரின் தலைக்கு மேலுள்ள வானம் அருவியின் நிலவரத்தைச் சொல்லாது. மலைமேல் கறுத்திருக்கும் மேகத்தைத்தான் பார்க்க வேண்டும். ரேடாரை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. ரேடார் அலைகள் மலையில் தடைபடும்போது, மலைக்கு அப்பால் தாழ்வாக உள்ள மழைமேகம் திரையில் சரியாகத் தெரியாது. மலையடிவார ஊர்களுக்கு மழைமானியும் மனிதக் கண்ணும் இன்னமும் தேவைப்படுவது இதனால்தான்.

நம் முன்னோர் இந்தக் கண்ணைப் பழக்கி வைத்திருந்தார்கள். ‘அகல் வட்டம் பகல் மழை’ என்ற பழமொழியை எடுத்துக்கொள்ளலாம். நிலவைச் சுற்றித் தள்ளி நிற்கும் பெரிய வட்டம், மிக உயரத்தில் மெல்லிய திரையாகப் பரவிய பனிப்படிக மேகத்தில் ஒளி விலகுவதால் உண்டாகிறது. மழை தரும் அமைப்புகளுக்கு முன்னோடியாக அந்தத் திரை வருவது உண்டு. எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். பழமொழிகள் எல்லாமே அறிவியல் என்று பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் வட்டம் பெரிதா சிறிதா என்று கவனித்துப் பிரித்த பார்வை, ‘அதிசயம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும் பார்வையைவிட மேலானது.

மேகங்களுக்கு முறையாகப் பெயரிடும் வழக்கத்தை 1802-இல் தொடங்கிவைத்த லூக் ஹோவர்டு லண்டனில் மருந்து வணிகம் செய்துவந்தவர். வானிலை அவருக்குத் தொழில் அல்ல. 1896-இல் முதன்முதலாக வெளியான சர்வதேச மேகப் படத்தொகுப்பின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில், கொந்தளிக்கும் கடலைக் கீழிருந்து பார்ப்பது போன்ற ‘ஆஸ்பெரிட்டாஸ்’ என்ற மேக வகை புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதைச் சேர்க்கக் காரணமாக இருந்தவை பல நாடுகளில் பொதுமக்கள் எடுத்து அனுப்பிய படங்கள். எனவே வாசகர் அனுப்பும் மேகப் படத்தை வேடிக்கைப் பகுதிக்குத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊர், நாள், நேரம், கேமரா பார்த்த திசை, அடுத்த ஒரு மணி நேரத்தில் நடந்தது ஆகியவற்றை எழுதாத படத்தை வெளியிடுவதில்லை என்று ஒரு விதி வைத்தாலே போதும், சில ஆண்டுகளில் இந்த மலையடிவாரத்தின் வானிலைக்கு நல்லதொரு பதிவேடு தங்கள் அலுவலகத்திலேயே சேர்ந்துவிடும்.

மற்றொரு கோரிக்கை, அன்றாடப் பக்கம் பற்றியது. அணைகளின் நீர்மட்டத்தைத் தாங்கள் தவறாமல் வெளியிடுகிறீர்கள், அதற்கு நன்றி. அதே பட்டியலில் ஆய்க்குடி, செங்கோட்டை, தென்காசி, சங்கரன்கோவில், சிவகிரி ஆகிய ஊர்களிலும், கடனா, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் அணைகளிலும் காலையில் எடுக்கப்படும் மழை அளவை, பெய்யாத இடங்களுக்குப் பூஜ்யம் உட்பட, ஆண்டு முழுவதும் வெளியிட வேண்டும். தற்போது பெருமழை பெய்த மறுநாள் மட்டும் இந்த எண்கள் தலைகாட்டுகின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே முந்தைய நாளின் முன்னறிவிப்பு வாசகத்தையும் அச்சிட்டால், அது எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்பதை வாசகரே ஒப்பிட்டுக்கொள்வார். இடம் போதாது என்று பக்க அமைப்பாளர் சொல்லக்கூடும். பத்து ஊர்ப் பெயர்களுக்கும் பத்து எண்களுக்கும், அதே பக்கத்தில் நாள்தோறும் வரும் ராசிபலனில் பாதி இடம் தாராளம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
தென்காசி மாவட்டம்.