திரும்பி வராத பதினைந்து பேர்: நினைவுக்கல்லுக்கு உங்கள் உதவி வேண்டும்

ஊர் மக்களுக்கும் வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் உறவுகளுக்கும் வணக்கம்.

சீனக்குடாவில் எரிந்து சரிந்த அந்த எண்ணெய்த் தொட்டியைத் திருகோணமலைக்காரர் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. இரும்புத் தகடுகள் துணிபோல மடிந்து, துருவேறிக் கிடக்கும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானம் ஒன்று அதில் மோதிய கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். ஆனால் அதே காலையில், இதே கடலுக்கு மேலே, ஜப்பானியரை எதிர்த்த பிரித்தானிய விமானிகளுக்கு என்ன நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. குழுவில் உள்ள எங்களுக்கும் சில வருடங்களுக்கு முன்புவரை தெரியாது.

அன்று கொழும்பு ரேஸ்கோர்ஸிலிருந்து பிரித்தானிய விமானப்படையின் 11ஆவது ஸ்குவாட்ரனின் (விமானப் பிரிவின்) பிளென்ஹெய்ம் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. குதிரைப் பந்தயத் திடலையே அப்போது ஓடுபாதை ஆக்கியிருந்தார்கள். நான்கு நாளைக்கு முன், ஈஸ்டர் ஞாயிறன்று, இதே ஜப்பானியக் கப்பல்களைத் தேடிப் போய்க் காணாமல் திரும்பியவர்கள் இவர்கள். இந்த முறை கண்டுபிடித்துவிட்டார்கள். எதிரே ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். போய்ச் சேர்ந்த பிளென்ஹெய்ம்களோ ஒன்பதுதான்.

பிளென்ஹெய்மில் மூன்று பேர்தான் இருப்பார்கள். ஓட்டுபவர் ஒருவர். முன்பக்கக் கண்ணாடிக்குள் இருந்து வழி பார்த்துக் குண்டு போடுபவர் ஒருவர். பின்னால் துப்பாக்கிக் கூண்டுக்குள் வயர்லெஸ்காரர். துணைக்கு ஒரு போர் விமானம்கூட வரவில்லை. ஆனாலும் 'அகாகி' என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்குப் பக்கத்தில் குண்டு விழுந்து தண்ணீர் எழும்பிய பிறகுதான் ஜப்பானியரில் பெரும்பாலோர் இவர்களைக் கவனித்தார்கள். ஒரு குண்டும் கப்பலில் படவில்லை. அப்புறம் ஜப்பானியரின் 'சீரோ' போர் விமானங்கள் விடவில்லை. நான்கு பிளென்ஹெய்ம்கள் அங்கேயே விழுந்தன.

ஐந்தாவதுதான் எங்கள் மனதை அதிகம் உறுத்துகிறது. வேலையை முடித்து, உயிர் தப்பி, வீட்டுப் பக்கம் திரும்பிய விமானம் அது. அந்த நேரம் பார்த்து, மட்டக்களப்புக் கடலில் 'ஹெர்மிஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்துவிட்டு ஜப்பானிய விமானங்களும் திரும்பிக்கொண்டிருந்தன. நடுவானில் இரு தரப்பும் எதிர்ப்பட்டன. அந்த மூவரும் கரை சேரவில்லை.

மொத்தம் பதினைந்து பேர். நிலாவெளி வீதியில் இருக்கும் போர்க்கால மயானத்தில் இவர்களுக்குக் கல்லறை கிடையாது, கடல் உடல்களைத் தரவில்லை. சிங்கப்பூர் கிராஞ்சியில், கல்லறை இல்லாதவர்களுக்கான நினைவுச் சுவரில்தான் பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் விழுந்த கடலின் கரையிலும் அந்தப் பெயர்கள் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்.

"வெள்ளைக்காரனுக்கு நாம் எதற்குக் கல் வைக்க வேண்டும்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் குழுவில் இருக்கும் மீனவ ஐயா ஒருவர் பதில் சொன்னார்: "என் அண்ணன் போன தோணியும் வரேல்ல. உடம்பு கிடைக்காத வீடு எப்படி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்." அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சரி, செலவு விஷயம். கல்லை ஒருவர் இலவசமாகத் தருகிறார். கொத்துபவர் எழுத்துக் கணக்கில்தான் கூலி வாங்குவார். ஆகவே ஒரு குடும்பமோ, ஒரு பழைய மாணவர் வகுப்போ ஒரு பெயரை மூன்று மொழியிலும் ஏற்றுக்கொண்டால், பதினைந்து பேர் சேர்ந்ததும் பெரிய பாரம் இறங்கிவிடும். அப்புறம் அத்திவாரம், சீமெந்து, ஏற்றுக்கூலி. அதற்கு 500 ரூபாய் தந்தாலும் மனமார வாங்கிக்கொள்வோம். ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு தருவோம். வேலை முடிந்ததும் முழுக் கணக்கையும் நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். பணம் தர வசதி இல்லாதவர்கள் ஒரு நாள் வேலைக்கு வந்து உதவலாம்.

பெயர்களின் உச்சரிப்பைச் சரிபார்த்துத் தர, ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த இரண்டு பேரும் தேவை. கல்லில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் திருத்த முடியாது.

வரும் ஏப்ரல் 9 காலை பத்தரை மணிக்குக் கல்லைத் திறக்க எண்ணியிருக்கிறோம். ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் குண்டுகள் விழுந்தன. அன்று தோணி இறக்காமல் கரையில் நிற்பதாக மீனவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நினைவுக்கல் குழுவினர்,
திருகோணமலை