மணி கண்ணுக்காக ஓடினவங்க எல்லாருக்கும் நன்றி

வேலூர்ல நாய் வளக்குற எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு லேப்ரடார் நாய் மணிக்கு கண்புரை ஆபரேஷன் ஆனதுல இருந்து ஆளாளுக்கு விசாரிக்கிறீங்க, இப்போ நல்லா இருக்கான், பந்து போட்டா நேரா போய் எடுக்குறான்.

மொத நன்றி சென்னை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி கண் டாக்டருக்கும் கூட இருந்த ஹவுஸ் சர்ஜன் பொண்ணுக்கும். ஆபரேஷன் முடிஞ்சதும் காட்பாடி கெளம்பலாம்னு நாங்க பைய எடுக்குறோம், அந்தப் பொண்ணு விடவே இல்ல, "ராத்திரி இங்கயே தங்குங்க சார், காலைல கண் பிரஷர் பாக்கணும், மொத நாள்லதான் பெரும்பாலும் ஏறும்"னு ஒரே பிடியா நின்னுச்சு. புரசைவாக்கம் சித்தி வீட்டுல தங்கினோம் (நாய்னா அலறுற சித்தி, அன்னைக்கு ஹாலையே குடுத்துட்டாங்க!). விடியக்காலைல பாத்தா கண்ணு செவந்து, கருவிழி மேல கண்ணாடில ஆவி புடிச்ச மாதிரி மங்கல், தலைய செவுத்துல முட்டிக்கிட்டு நிக்குறான். தூக்கிட்டு ஓடினா பிரஷர் 40 தாண்டி நிக்குது, 25க்குள்ள இருக்கணுமாம். ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணுக்குள்ள வீக்கம் வந்து, உள்ள ஊறுற தண்ணி வெளிய வடியுற வழி அடைச்சுக்குமாம், கிளாக்கோமா, விட்டா ஒண்ணு ரெண்டு நாள்லயே நரம்பு போயிடும்னாங்க. மானிடால் டிரிப்ஸ் ஏத்தி, கொஞ்ச நேரம் தண்ணியே காட்டாம வெச்சு எறக்கினாங்க.

ஊரெல்லாம் வைத்தியத்துக்கு வேலூருக்கு வருது, நாங்க நாய தூக்கிட்டு மெட்ராஸ் போறோம், அது ஒரு தனி கத. செக்கப்புக்கு ஒவ்வொரு தடவையும் கூட்டிட்டு போன டாக்சி அண்ணே, "இன்னாத்துக்கு சார் பெட்ஷீட்டு, முடி கொட்னா பெருக்கிக்கலாம், ஏத்துங்க"ன்னீங்களே, மறக்க மாட்டேன்.

கண் பிரஷர எறக்குற டார்சோலமைடு டிராப்ஸ் தீரப்போவுதுன்னு எனக்கு முன்னாடியே கணக்கு வெச்சு வரவழைச்சுத் தர்ற சத்துவாச்சாரி மெடிக்கல் தம்பிக்கும், நான் ராணிப்பேட்ட டூட்டி போயிட்டா மத்தியான டோஸ் போடுற மாடி வீட்டு அக்காவுக்கும் பெரிய நன்றி. ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் அஞ்சு நிமிஷம் இடைவெளி விடணும், அக்கா சீரியல் விளம்பரத்த வெச்சே டைம் பாத்துக்குவாங்க.

பிரஷர் மாசக்கணக்கு கழிச்சும் திரும்ப ஏறலாம்னு சொல்லியிருக்காங்க, அதனால செக்கப் நிக்காது. கண்ண சொறியாம இருக்க மணி கழுத்துல மாட்டின கோன் சும்மாதான் கெடக்கு, லேப் சைஸ், யாருக்காவது வேணும்னா வந்து எடுத்துக்கோங்க.