யானைக்குப் பக்கத்தில் ஒரு விலா எலும்பு வையுங்கள்

நீலகிரியில் இயற்கை அருங்காட்சியகங்களைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கூடலூர்ப் பக்கம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவன் நான். கேட்க வந்தது ஒன்றுதான்: யானையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் கடற்பசுவின் புதைபடிவ விலா எலும்பு ஒன்றையும் வையுங்கள்.

மலைமேல் கடல் பிராணி எதற்கு என்பீர்கள். 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அது என்ன விலங்கு என்று வகுப்பில் கேட்டால் 'ஏதோ பெரிய மீன் சார்' என்கிறார்கள். யானையை வாசலிலேயே பார்க்கிற பிள்ளைகள்! கடலோர மக்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்தப் பாலூட்டிக்கு, இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய சொந்தக்காரர்கள் யானையும், முயல் அளவே உள்ள ஹைராக்ஸும்தான். யானைக்குப் பால்காம்பு முன்னங்கால்களுக்கு இடையில். ஆவுளியாவுக்குத் துடுப்பின் அக்குளில். ஆண் ஆவுளியாவுக்குத் தந்தம்கூட உண்டு, கொஞ்சம்தான் வெளியே தெரியும்.

விலாவையே கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற விலங்குகளின் விலாவை உடைத்தால் உள்ளே துளைதுளையாக இருக்கும். கடற்பசுவின் விலா தடித்து, உள்ளே இடமே இல்லாமல் இறுகிக் கிடக்கும்; உடைந்த முனை அறுத்த கருங்கல் மாதிரி. ஆழமில்லாத கடலில் அடிமட்டத்துப் புல்லை மேய அந்தக் கனம் வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரல் காற்று உடம்பை மேலே தூக்கிவிடும். குஜராத்தின் கட்ச் பகுதியில், பழைய கடலடியில் உண்டான பாறைகளில் மண்டையோடு அரிது, விலாத் துண்டுகள் தாராளம். விலாவை மட்டும் வைத்து இன்ன இனம் என்று சொல்வது கடினம் என்பதால் ஆய்வாளர்கள் மண்டையோட்டுக்கும் பல்லுக்கும்தான் அலைவார்கள். துண்டுகள் சேமிப்பறைப் பெட்டிகளிலேயே இருந்துவிடும். அதில் ஒன்றைக் கடனாகக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டர் நகல் வேண்டாம், தூக்கிப் பார்த்தால்தானே விஷயமே.

ஜமைக்காவில் கிடைத்து 2001-இல் பெயர் சூட்டப்பட்ட பெசோசைரன், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நாலு காலில் நடந்த கடற்பசு. அதற்கு ஒரு படம் போதும்.

அப்புறம், பூட்டிய கண்ணாடிப் பெட்டியும் வேண்டாம். எந்த ஊரில் எடுத்தது என்ற சீட்டு தொலைந்துபோன துண்டு ஆய்வுக்கு அவ்வளவாக உதவாது. அப்படி ஒன்றாகப் பார்த்துக் கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றித் தேய்த்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

இப்படிக்கு,
கூடலூரிலிருந்து ஓர் ஆசிரியர்